இரண்டே சுரங்களில் சலிப்பு

ராக் இசையின் முரட்டு வேகமும் பாப் பாடல்களின் எளிய மெட்டும் கலந்த பாப் பங்க் இசையை, நான் படித்த ஒரு கட்டுரையில் 'உப்புச்சப்பற்றது' என்று கட்டுரையாளர் ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தச் சொல்லிலேயே சற்று நின்றிருக்கலாம். ஆங்கிலத்தின் 'இன்சிப்பிட்' என்ற சொல்லும் நம்முடையதைப் போல நாக்கிலிருந்து பிறந்ததுதான். அதன் இலத்தீன் மூலத்துக்குச் சுவையில்லாதது என்று பொருள். சலிப்பூட்டும் அளவுக்குச் சாதாரணமானதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது 'பனால்'. நிலப்பிரபுத்துவக் கால பிரான்சில், பிரபுவின் ஆணைப்படி குடிகள் அனைவரும் கட்டணம் கொடுத்துப் பயன்படுத்தியே ஆக வேண்டிய மாவு ஆலைக்கும் ரொட்டி அடுப்புக்கும் அடைமொழியாக இருந்த சொல் அது. பிறகு எல்லோருக்கும் பொதுவானது என்று பொருள் விரிந்து, கடைசியில் புதுமையே இல்லாதது என்று தேய்ந்துபோனது.

பாப் பங்க் இசைக்குழுக்களோ சலிப்பையே மூலப்பொருளாக எடுத்துக்கொண்டவை. பாப் பங்க்குக்கு முன்னோடியான பஸ்காக்ஸ் என்ற இங்கிலாந்துக் குழு, 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்ட நான்கு பாடல் இசைத்தட்டில் ஒரு பாடலின் பெயரே 'போர்டம்', அதாவது சலிப்பு. அதன் நடுவே வரும் கிதார் தனியிசையில் இரண்டே சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. சலிப்பை விளக்கிக்கொண்டிருக்காமல் நேரே காதில் உட்கார வைத்துவிட்டார்கள்! 1994-இல் கிரீன் டே என்ற அமெரிக்கக் குழு 'லாங்வியூ' பாடலில், தொலைக்காட்சி முன் முடங்கிக் கிடக்கும் இளைஞனைப் பாடியது. சோம்பலாக நகரும் பேஸ் கிதார், திடீரென்று வெடிக்கும் பல்லவி. இதையா உப்புச்சப்பற்றது என்பது? கட்டுரையாளர் இந்த இரண்டு பாடல்களையும் ஒருமுறை பொறுமையாகக் கேட்டுவிட்டு மீண்டும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.