தொடுதிரையிலும் ஆமைகள் அடிக்கும்

அடிதடி விளையாட்டுகள் மொபைலுக்கு ஒத்துவராது என்று உங்கள் கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். நான்கு நிஞ்சா ஆமைகள் எதிரிகளை அடித்து நொறுக்கும் 'டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்சா டர்டில்ஸ்: ஷ்ரெடர்ஸ் ரிவெஞ்ச்' 2022-இல் கன்சோலுக்கும் கணினிக்கும் வந்தது, 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் மூலம் மொபைலுக்கும் வந்துவிட்டது. வில்லன் ஷ்ரெடரின் படையான ஃபுட் கிளான் ஆட்கள் கும்பலாக வரும்போது அடித்து நொறுக்கத் திரைப் பொத்தான்களே தாராளம். கஷ்டமெல்லாம் பாஸ் எனப்படும் பெரிய எதிரியோடு மோதும் சண்டையில்தான். அடியிலிருந்து விலகுவதற்குத் தனிப் பொத்தான். அதைச் சரியான நொடியில் அழுத்தவேண்டும். வழவழப்பான கண்ணாடியில் கட்டைவிரல் நகர்ந்துபோனால் அடி நிச்சயம். ஒரு புளூடூத் கன்ட்ரோலர் இருந்தால் அந்தக் கவலையே இல்லை, ஆட்டமே வேறு மாதிரி ஆகிவிடுகிறது.

அப்புறம், கார்ட்டூன், சினிமா போன்றவற்றின் உரிமம் வாங்கிச் செய்த விளையாட்டு என்றாலே அவசர வேலை என்கிறீர்களே, இதை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இதை உருவாக்கிய மான்ட்ரியால் நிறுவனமான ட்ரிப்யூட் கேம்ஸ், 1987 ஆமைகள் கார்ட்டூனில் நான்கு ஆமைகளுக்கும் குரல் கொடுத்தவர்களையே திரும்ப அழைத்து வந்தது. ஆமைகளின் தோழியான நிருபர் ஏப்ரல் ஓநீலும் அவர்களின் குருவான எலி ஸ்ப்ளின்டரும்கூடக் களத்தில் இறங்குகிறார்கள். முதல்முறை ஆடுபவர்கள் ஏப்ரலை எடுங்கள், வேகம் அதிகம்.