மனநோயாளியின் சிந்தனையை எந்த மொழியில் அளப்பது?

மனச்சிதைவு நோய் (ஸ்கிட்சோஃப்ரினியா) என்றால் நம் ஆட்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான். ஒழுங்காக மாத்திரை போடுகிறாரா? இப்போது பரவாயில்லையா? என் அண்ணனைப் பற்றியும் பல வருடங்களாக இதைத்தான் கேட்கிறார்கள். அக்கறையில்தான் கேட்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நம்புவதற்கு அவருக்கு எவ்வளவு ஆதாரம் போதும், நம்பிய பிறகு அதை மாற்றிக்கொள்ள என்ன தேவைப்படுகிறது என்று யாரும் கேட்டதில்லை. இதையெல்லாம் அளக்க முடியும். அதற்கென்றே சோதனைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1988இல் லண்டனில் ஹக், கரெட்டி, ஹெம்ஸ்லி என்ற மூன்று ஆய்வாளர்கள் மருட்சி உள்ளவர்களிடம் பாசிமணிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். மருட்சி என்றால், பக்கத்து வீட்டுக்காரர் சுவர் வழியாக என்னைக் கண்காணிக்கிறார் என்பது போன்ற, எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாத நம்பிக்கை. இரண்டு ஜாடிகள். ஒன்றில் 85 மணிகள் ஒரு நிறம், 15 மணிகள் வேறு நிறம். மற்றதில் அப்படியே தலைகீழ். ஜாடிகளை மறைத்துவிட்டு, ஏதோ ஒரு ஜாடியிலிருந்து ஒவ்வொரு மணியாக எடுத்துக் காட்டுவார்கள். எந்த ஜாடி என்று உறுதியாகத் தோன்றும்வரை எத்தனை மணி வேண்டுமானாலும் கேட்கலாம். மருட்சி உள்ளவர்கள் மற்றவர்களைவிடக் குறைவான மணிகளிலேயே முடிவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளிலும் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஒன்றிரண்டு மணியிலேயே முடிவு சொல்லிவிடுகிறார்கள். இதை அவசர முடிவுச் சாய்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். முதல் மணியைப் பார்த்ததுமே ஒருவர் சொல்லும் விடை சரியாக இருக்க 85 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இரண்டு மணியும் ஒரே நிறமாக வந்தால் அது 97 விழுக்காடு ஆகிவிடும். கணக்குப்படி பார்த்தால் இரண்டு மணியில் முடிவு சொல்பவர் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை. பத்து மணி கேட்கும் நாம்தான் தேவைக்கு அதிகமாகத் தயங்குகிறோம். அண்ணனுடைய நோயை 'புத்தி கெட்டுப்போச்சு' என்று சொல்பவர்களுக்கு இதை நான் சொல்லாமல் விடுவதில்லை. அவருடைய தர்க்கம் உடைந்துபோகவில்லை. 'போதும், தெரிந்துவிட்டது' என்ற எல்லை அவருக்கு நம்மைவிடச் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஜாடி விளையாட்டில் அதனால் நட்டமில்லை. நடுராத்திரியில் மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டு, அந்த ஒரே சத்தத்தை வைத்து முடிவெடுக்கும்போதுதான் வாழ்க்கை குலைகிறது.

மணிகள் மட்டுமல்ல, வினாத்தாள்களும் உண்டு. டகோப்ஸ் என்ற வினாத்தாளில் 42 வாக்கியங்கள். அவசர முடிவு, நம்பிக்கையில் விடாப்பிடி, ஆபத்தையே தேடும் கவனம், நடப்பதற்கெல்லாம் வெளியாள்தான் காரணம் என்று எண்ணுவது என ஏழு பிரிவுகளில் மதிப்பெண் வரும். இன்னொன்றில் 30 குட்டிக் கதைகள்: இப்படி ஒன்று உங்களுக்கு நடந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்பார்கள். பெக் என்ற மனநல மருத்துவரின் குழுவினர் 2004இல் வெளியிட்ட 15 வாக்கியங்கள் கொண்ட ஒன்று, 'நான் தவறாக இருக்கலாம்' என்று ஒருவரால் எந்த அளவுக்கு நினைக்க முடிகிறது என்பதைப் பார்க்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். அந்தத் திறன் நலமாக இருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அண்ணன் முதன்முதலில் படுத்தபோது எங்கள் சொந்தக்காரர்கள் ஒரே பார்வையில் செய்வினை என்று முடிவு செய்தார்கள். ஒருவர்கூட இரண்டாவது மணி கேட்கவில்லை. இந்தச் சாய்வுகள் எல்லா மனிதருக்கும் உண்டு, அளவுதான் வேறு. அளவைப் பற்றிய விஷயம் என்பதால்தான் அளப்பதற்கே அர்த்தம் இருக்கிறது.

சரி, இனி என் ஆதங்கம்.

மணிச் சோதனையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2012இல் ஆஸ்திரேலியாவில் பால்சானும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், அவசரமாக முடிவு சொன்னவர்களில் சிலர் விதிமுறையையே தவறாகப் புரிந்துகொண்டிருந்தது தெரியவந்தது. எல்லா மணியும் ஒரே ஜாடியிலிருந்துதான் வருகிறது என்பது அவர்கள் மனதில் பதியவில்லை. அப்படியென்றால் அந்த மதிப்பெண் நோயை அளந்ததா, புரியாமையை அளந்ததா? ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றும், அவசர முடிவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பில் ஒரு பங்கு பொது அறிவுத்திறன் வழியாக வருவது என்று காட்டியது. விதிமுறை புரிவதிலேயே இவ்வளவு இருக்கும்போது, அதை எந்த மொழியில் சொல்கிறோம் என்பது சின்ன விஷயமா?

நாம் வாழும் சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால் 2010இலும் 2016இலும் நடந்த தேசிய மனநல ஆய்வுகளின் நேர்காணல்கள் ஆங்கிலம், சீனம், மலாய் ஆகிய மூன்று மொழிகளில்தான் நடந்தன. இந்தியர்களின் எண்ணிக்கை போதுமான அளவு இருக்க வேண்டும் என்று நம்மவர்களை மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகமாகவே சேர்த்துக்கொண்டார்கள். அது நல்ல முடிவு. ஆனால் தமிழ் மட்டுமே பேசுபவர் அதற்குள் வர வழியில்லை. 2016 ஆய்வின்படி வாழ்நாளில் மனச்சிதைவு போன்ற உளப்பிறழ்வு நோய்க்கு ஆளானவர்கள் 2.3 விழுக்காடு. அந்த 2.3இல் நம் பாட்டிகள் எத்தனை பேர் விடுபட்டிருப்பார்கள் என்பது என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே சேர்க்கப்பட்டதால் தங்கும் விடுதிகளில் இருக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

எத்தனையோ தமிழர்கள் இங்கே ஆங்கிலத்தில் படித்து ஆங்கிலத்தில் வேலை செய்பவர்கள்தானே என்று கேட்கலாம். என் அண்ணனும் அப்படித்தான். ஆனால் நோய் முற்றும் நாட்களில் அவரிடம் ஆங்கிலம் நிற்பதில்லை. பயம் தமிழில்தான் வருகிறது, கேட்கும் குரல்களும் தமிழில்தான் பேசுகின்றன. ஒருமுறை ஒரு மருத்துவமனையில் அம்மாவையே மொழிபெயர்க்கச் சொன்னார்கள். பெற்ற தாய், பிள்ளை சொன்ன பயங்கரத்தை அப்படியே சொல்வாரா? பாதியை விழுங்கிவிட்டு, மீதியை மென்மையாக்கித்தான் சொன்னார். அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வேலையை அவரிடம் கொடுத்திருக்கக் கூடாது.

அப்புறம், டகோப்ஸ் வினாத்தாளில் வரும் ஆபத்தையே தேடும் கவனம் என்ற பகுதி. மற்றவர்கள் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள், நம்பலாமா என்பதை ஒட்டிய கேள்விகள் அவை. மின்தூக்கியில் அண்ணன் ஏறினால் சிலர் உண்மையிலேயே அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருக்கிறார்கள். புளோக்கில் எல்லாருக்கும் விஷயம் தெரியும். உட்பிரிட்ஜ் என்ற பழைய மனநல மருத்துவமனை புவாங்கோக்குக்கு மாறி, பெயரும் மனநலக் கழகம் என்று ஆகிப் பல வருடங்களாகியும் 'உட்பிரிட்ஜ் கேஸ்' என்ற பேச்சு பெரியவர்கள் வாயிலிருந்து இன்னும் போகவில்லை. இப்படி ஒரு சூழலில் வாழ்பவர் 'மக்கள் என்னை விலக்குகிறார்கள்' என்று எழுதினால் அதைச் சாய்வு என்று மதிப்பெண் போடலாமா? சாய்வு என்றால் உண்மையிலிருந்து விலகுவது. அந்த மனிதருடைய உண்மை என்னவென்று முதலில் விசாரிக்க வேண்டும். விசாரிக்காமல் போடும் மதிப்பெண்ணும் ஒரு மணியைப் பார்த்து எடுத்த முடிவுதான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு, அப்படியானால் அளக்கவே வேண்டாமா என்றால், கட்டாயம் அளக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஏனென்றால் அளந்ததை வைத்துச் செய்வதற்கு வழி இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து மோரிட்ஸ் என்ற ஆய்வாளரும், அவருடன் உட்வர்டும் உருவாக்கிய ஒரு குழுப் பயிற்சி உண்டு. பாதி வரைந்த படத்தைக் காட்டி, கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எப்போது முடிவு செய்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவசரப்பட்டால், தவளையின் படம்கூட வேறெதுவாகவோ தெரியும். உன் நம்பிக்கை பொய் என்று யாரும் வாதாடுவதில்லை, முடிவெடுக்கும் பழக்கத்தை மட்டும் தொட்டுக் காட்டுகிறார்கள். 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2022 கட்டுரை, மருட்சி குறைவதில் இந்தப் பயிற்சிக்குப் பலன் இருப்பதாகச் சொல்கிறது. பிரிட்டனில் யோசனையை நிதானமாக்கும் ஸ்லோமோ என்ற சிகிச்சையை 361 பேரிடம் சோதித்தார்கள். 24 வாரத்தில் முதன்மை அளவீட்டில் எதிர்பார்த்த மாற்றம் வரவில்லை, வேறு சில அளவீடுகளில் முன்னேற்றம் தெரிந்தது. அற்புத மருந்து என்று நான் சொல்லவில்லை. மாத்திரையோடு சேர்த்துச் செய்யக்கூடிய வேலை இது, அதுவும் நோயாளியை யோசிக்கத் தெரிந்த மனிதராக நடத்தும் வேலை.

ஆகவே இங்கே இருக்கும் தமிழ் உளவியலாளர்களிடமும் ஆய்வாளர்களிடமும் என் வேண்டுகோள்: இந்தச் சோதனைகளைத் தமிழில் கொண்டுவாருங்கள். அகராதியைப் பார்த்துப் பெயர்த்தால் போதாது, நம் வீட்டு ஆட்களிடம் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்ட பிறகு கொண்டுவாருங்கள். அடுத்த தேசிய ஆய்வில் தமிழிலும் நேர்காணல் இருக்க வேண்டும்.

குடும்பத்தினர் அடுத்த அப்பாயின்மென்ட்டுக்குப் போகும்போது மாத்திரை அளவோடு சேர்த்து இவற்றையும் கேளுங்கள். இவர் முடிவெடுக்கும் விதத்தை யாராவது சோதித்துப் பார்த்தார்களா? எந்த மொழியில்? முடிவை அவரிடமே சொன்னீர்களா? மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் முன்கூட்டியே போன் செய்து கேட்டுவிடுங்கள், அம்மாவை உட்கார வைக்காதீர்கள்.