கணவர் பெயர் எழுதும் இடம்

பிரசவ வலியோடு வரும் பெண்ணிடம் ஆஸ்பத்திரியில் கேட்கும் முதல் விவரங்களில் ஒன்று கணவர் பெயர். மேற்கு வங்கத்தின் கூச் பெஹார் மாவட்டத்தில், தின்ஹாட்டா பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றிலிருந்து வந்த பெண்கள், 2015 வரை அந்த இடத்தில் வேறோர் ஆணின் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து ஊர்க்காரர் யாராவது பெயரை இரவல் தருவார். உண்மையான பெயரையும் ஊரையும் சொன்னால் நீ வங்கதேசக்காரி, இங்கே இடமில்லை என்பார்கள். போலீசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள்.

அவள் எல்லை தாண்டி வந்தவள் அல்ல. அவள் ஊரின் நான்கு பக்கமும் இந்தியாதான். ஊர் இருந்த மண் மட்டும் வங்கதேசத்துக்குச் சொந்தம்.

சிட்மஹல் என்று இந்த ஊர்களுக்குப் பெயர். வங்காளியில் சிட் என்றால் சிதறிக் கிடக்கும் துண்டு. வங்கதேசத்துக்குள் இந்தியாவுக்கு 111 துண்டுகள், இந்தியாவுக்குள் வங்கதேசத்துக்கு 51 துண்டுகள் இருந்தன. இதில் தஹாலா காக்ராபாரி என்ற இடத்தைப் பற்றி முதலில் படித்தபோது காகிதத்தில் வட்டம் போட்டுப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. 2015 வரை அது இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேச நிலம். அதைச் சுற்றி இந்திய நிலம். அதையும் சுற்றி வங்கதேசம். இத்தனைக்கும் அது ஒரு சணல் வயல், இரண்டு ஏக்கர்கூடத் தேறாது.

கூச் பெஹார் ராஜாவும் ரங்பூரின் முகலாய அதிகாரியான ஃபவுஜ்தாரும் சதுரங்கத்தில் கிராமங்களைப் பணயம் வைத்து ஆடினார்கள், அதில் வந்த வினை என்று ஒரு கதை உண்டு. கதை நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகலாயர்களுக்கும் கூச் பெஹாருக்கும் நடந்த சண்டை உடன்படிக்கையில் முடிந்தபோது, அவரவர் ஆட்கள் பிடித்து வைத்திருந்த நிலம் அவரவர் கணக்கிலேயே நின்றுவிட்டது. அதனால் அன்றைக்கு யாருக்கும் பெரிய தொந்தரவில்லை. வரியை யாரிடம் கட்டுவது என்பதில்தான் வித்தியாசம். சந்தைக்குப் போக, பெண் கொடுக்க, பெண் எடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

1947இல் ரங்பூர் கிழக்குப் பாகிஸ்தானுக்கு, அதாவது இன்றைய வங்கதேசத்துக்குப் போனது. 1949இல் கூச் பெஹார் இந்தியாவோடு சேர்ந்தது. வரிக் கணக்கில் இருந்த கோடு நாட்டின் எல்லையாகிவிட்டது. 1952இல் பாஸ்போர்ட்டும் விசாவும் வந்தன. வங்கதேசத்துக்குள் இருந்த இந்தியத் துண்டில் வாழ்ந்தவர் தன் சொந்த நாட்டுக்குள் வர விசா வேண்டும். அந்த விசாவை வாங்கப் போக வேண்டுமென்றால், முதலில் தன் ஊரைவிட்டு அடுத்த நாட்டு மண்ணில் திருட்டுத்தனமாகக் கால் வைக்க வேண்டும். ஓட்டு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. கொள்ளை போனாலும் கொலையே நடந்தாலும் புகார் வாங்க ஆள் இல்லை.

பிரிவினை என்றதும் நம் கண்முன் வருவது பஞ்சாப்தான். பிணங்களோடு வந்து நின்ற ரயில்கள், ராவல்பிண்டி பக்கத்துக் கிராமமான தோவா கால்சாவில் மானத்துக்கு அஞ்சிக் கிணற்றில் குதித்த பெண்கள். ஒரு கோடிக்கும் மேலானவர்கள் வீடு இழந்தார்கள், செத்தவர்கள் 2 லட்சம் என்பதில் தொடங்கி 20 லட்சம் வரை சொல்கிறார்கள். அதை ஒரு மாற்றுக்கூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வங்காளத்தில் இன்னொரு விதமாக நடந்தது. ஒரேயடியாக வெட்டாமல் வருஷக் கணக்கில் அறுத்தது. 1947இல் கொஞ்சம் பேர், 1950 கலவரத்தில் லட்சக்கணக்கில், 1964இல் மறுபடி, 1971இல் மறுபடி என்று வந்துகொண்டே இருந்தார்கள். இவர்கள் எப்படியும் திரும்பிப் போய்விடுவார்கள் என்று தில்லி ஆரம்பத்தில் நினைத்ததால், பஞ்சாப் அகதிகளுக்குக் கிடைத்த நிலமும் வீடும் இவர்களுக்கு அந்த அளவில் கிடைக்கவில்லை. ஆண் துணை இல்லாத விதவைகள், முதியவர்கள், உடல் முடியாதவர்கள் ஆகியோரை வைத்திருந்த முகாம்களுக்கு அரசு வைத்த பெயர் பெர்மனென்ட் லயபிலிட்டி. நிரந்தரச் சுமை! கோப்பில் எழுதும்போது எந்த அதிகாரிக்கும் கை கூசவில்லை.

சரி, இதற்கெல்லாம் எல்லைக்கோடு போட்ட ராட்கிளிஃபைத் திட்டலாம். நானும் திட்டியிருக்கிறேன். 1947 ஜூலை 8ஆம் தேதி முதல் முறையாக இந்தியாவில் வந்து இறங்கிய வக்கீல், ஆறு வாரம்கூட ஆகாமல் இரண்டு மாகாணங்களைப் பிளந்துவிட்டுப் போனார். சுதந்திரம் வந்து இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்றுதான் கோடு எங்கே என்றே சொன்னார்கள். அதுவரை முர்ஷிதாபாதில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் பறந்தன, அப்புறம் மாற்றிக்கொண்டார்கள். நதியா மாவட்டத்தில் சில ஊர்களில் இன்றைக்கும் ஆகஸ்ட் 18 அன்று கொடியேற்றுகிறார்கள்.

ஆனால் சிட்மஹலை ராட்கிளிஃப் உண்டாக்கவில்லை. அதை 68 ஆண்டுகள் அப்படியே விட்டு வைத்தது நாம். வெள்ளைக்காரன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் இந்த 68 ஆண்டுக்குக் கணக்குச் சொல்ல ஆளே இல்லாமல் போய்விடும்.

1958இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் நூனும் துண்டுகளை மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். மேற்கு வங்கத்தின் எல்லைப் பகுதியான பெருபாரியையும் பிரித்துக் கொடுப்பதாக இருந்ததில் விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்தைக் கொடுக்க அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று 1960இல் நீதிமன்றம் சொன்னது. கச்சத்தீவு பற்றிப் பேசும்போதெல்லாம் நம் ஊரில் எடுத்துக்காட்டும் பெருபாரி தீர்ப்பு இதுதான். 1974 மே மாதம் இந்திரா காந்தியும் முஜிபுர் ரஹ்மானும் துண்டுகளை மாற்றிக்கொள்ளக் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த மாதமே கச்சத்தீவு ஒப்பந்தம். கச்சத்தீவுக்குத் திருத்தமே தேவையில்லை என்று முடித்துக்கொண்டார்கள். சிட்மஹலுக்குத் திருத்தம் வர 41 ஆண்டு பிடித்தது. நமக்கு 10,000 ஏக்கர் நஷ்டம், ஒரு பிடி மண்ணையும் விடமாட்டோம் என்று மேடையில் பேசினார்கள். அந்த ஏக்கரில் இந்திய அரசின் ஒரு தபால்காரர்கூடக் கால் வைத்ததில்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது மறித்தவர்களே ஆட்சிக்கு வந்ததும் மசோதாவைக் கொண்டுவந்தார்கள். 2015 மே மாதம் எதிர்ப்பு ஓட்டு ஒன்றுகூட இல்லாமல் நிறைவேறியது. இவ்வளவுதானா விஷயம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

2015 ஜூலை 31 நள்ளிரவில் 50,000க்கும் மேற்பட்டவர்களுக்கு நாடு கிடைத்தது. ஆண்டுக்கு ஒன்றாக 68 மெழுகுவத்திகள் ஏற்றினார்கள். வங்கதேசப் பக்கமிருந்து இந்தியாவுக்கு வரச் சம்மதித்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அவர்களைத் தகரக் கொட்டகை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தோம்.

என் சான்றிதழ் ஒன்றில் இனிஷியல் ஒரு எழுத்து தப்பாக விழுந்துவிட்டது. திருத்த ஏழு முறை அலைந்தேன். கையில் ரேஷன் கார்டு, அப்பாவின் பள்ளிச் சான்றிதழ் எல்லாம் இருந்தும் அந்தப் பாடு.

தின்ஹாட்டா பக்கம் இரவல் பெயரில் பிறந்த பிள்ளைகள், பள்ளியிலும் இரவல் அப்பா பெயரில்தான் சேர்ந்தார்கள். இப்போது வளர்ந்துவிட்டார்கள், வேலைக்கு விண்ணப்பம் போடுகிறார்கள். வாக்காளர் அட்டையில் ஒரு அப்பா, மதிப்பெண் சான்றிதழில் இன்னொரு அப்பா. இதில் எவர் உன் அப்பா, ஆதாரம் கொண்டு வா என்கிறார்கள்.