ஓட்டு ஒன்றுதான், அது கவுன்சிலருக்கு

உதகையிலும் குன்னூரிலும் கொடைக்கானலிலும் மேயர் என்று ஒருவர் கிடையாது. மேயர் மாநகராட்சிக்குத்தான். நமக்கு இருப்பவர் நகர்மன்றத் தலைவர். 1996, 2001, 2011-ல் அந்தப் பதவிக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். 2022 பிப்ரவரி 19 வாக்குப்பதிவு, 22 எண்ணிக்கை, மார்ச் 2 பதவியேற்பு, மார்ச் 4 மறைமுகத் தேர்தல். உதகையில் 36 வார்டு. 19 பேர் ஒரு பக்கம் சேர்ந்தால் தலைவர் முடிவாகிவிடுவார். இந்த முறை தொடரும் வரை, "தலைவருக்கு யார் நிற்கிறார்" என்று டீக்கடையில் பேசும் நேரத்தை, நம் வார்டுக்கு யார் நிற்கிறார் என்று பார்க்கச் செலவிடுவதே சரி என்பது என் கருத்து.

அந்த ஒரு ஓட்டுக்கு மலையில் எடை அதிகம். 2011 கணக்கெடுப்பில் குன்னூர் நகராட்சியில் 45,494 பேர். 30 வார்டுக்குப் பங்கிட்டால் வார்டுக்குச் சுமார் 1,500 பேர், குழந்தைகளையும் சேர்த்து. கொடைக்கானலில் 36,501 பேர், 24 வார்டு. அங்கும் அதே கணக்குத்தான். இவ்வளவு சின்ன வார்டில் நாலு குடும்பம் வேறு பக்கம் சாய்ந்தால் முடிவே மாறும். அதனால்தான் பட்டியலில் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்பது இங்கே பெரிய விஷயம்.

பலர் ஏமாறுவது இதில்தான். வாக்காளர் அட்டையை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். அட்டையில் வார்டு எண் இருக்காது. சட்டமன்றப் பட்டியலின் பாகம் எண் வேறு, நகராட்சி வார்டு எண் வேறு. மாநிலத் தேர்தல் ஆணையம் சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரிக்கிறது. தானாகப் புதுப் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்றப் பட்டியலில் தப்பு இருந்தால் அது அப்படியே இங்கேயும் வரும். மலையில் இது இன்னும் மோசம். ஒரே படிக்கட்டின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, அந்தப் பக்கம் இன்னொன்று. லைன் வீடுகளில் பழைய கதவு எண்ணும் புது எண்ணும் கலந்து கிடக்கும். வாடகை வீடு மாறி ஒரு வளைவு கீழே போனவர் பெயர் மேல் வார்டிலேயே நிற்கும். தேர்தல் அறிவித்த பிறகு ஓடுவதில் பயனில்லை. புதுப் பெயருக்குப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. எது தேவையோ அதை இப்போதே கொடுத்துவிடுங்கள். வரைவு வார்டுப் பட்டியல் ஒட்டும்போது வீட்டில் உள்ள எல்லோர் பெயரும் ஒரே வார்டில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். அப்பா ஒரு வார்டு, மகள் ஒரு வார்டு என்று பிரிந்து கிடப்பது சகஜம்.

நிற்க நினைப்பவர்களுக்கும் ஒன்று. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெயர் அந்த நகராட்சியின் ஏதாவது ஒரு வார்டில் இருந்தால் போதும். முன்மொழிபவர் மட்டும் நீங்கள் நிற்கும் வார்டின் வாக்காளராகவே இருக்க வேண்டும். பக்கத்து வார்டு நண்பரைக் கூட்டிப்போனால் மனு பரிசீலனையிலேயே போய்விடும். 2022-ல் நகராட்சிக்கு டெபாசிட் 2,000 ரூபாய், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 1,000. பேரூராட்சிக்கு அதில் பாதி. சாதாரணக் குடும்பத்துப் பெண் நிற்க முடியாத தொகை இல்லை. இடங்களில் பாதி பெண்களுக்கு. ஆனால் மன்றத்தில் உட்கார்ந்து பேச வேண்டியது ஜெயித்த பெண்தான், அவர் வீட்டுக்காரர் இல்லை. ஓட்டுக் கேட்டு வரும்போது யார் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். மன்றத்திலும் யார் பேசப்போகிறார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ரோடு போடுவேன், தண்ணி விடுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தவரா என்று பாருங்கள். பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், அது மன்றக் கூட்டத்தில் விவாதப் பொருளாக வந்து தீர்மானமாக வேண்டும், டெண்டர் விட வேண்டும், பிறகுதான் பணி ஆணை. இதற்கே மாதக்கணக்கில் ஆகும். மலையில் வேலை செய்யக் கிடைக்கும் மாதங்களோ குறைவு. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் வடகிழக்கு, ஏப்ரல் மே சுற்றுலா சீசன் நெரிசல். கையில் மிஞ்சுவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மே மாதம் பணி ஆணை வாங்கி, "மழை வந்துருச்சு" என்று கைவிரிப்பவர் வேலை தெரியாதவர். முந்தின ஆகஸ்டிலேயே மதிப்பீட்டை நகர்த்தியிருக்க வேண்டும்.

மதிப்பீட்டிலும் இரண்டு இடத்தில் வேலை கெடும். ஒன்று, லாரி போகாத வார்டுக்கு மணலும் ஜல்லியும் தலைச்சுமையாகத்தான் இறங்கும். அந்தக் கூலி சேர்க்காமல் போட்ட மதிப்பீட்டுக்கு ஒப்பந்தக்காரர் வரமாட்டார். மறு டெண்டர், இன்னொரு வருஷம். இரண்டு, தடுப்புச் சுவர். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக நீர்க்கசிவுக் குழாய் வெளிப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் மழைத்தண்ணீர் உள்ளே தேங்கும், சுவர் வயிறு தள்ளும், அடுத்த நவம்பரில் கீழ்வீட்டுக் கூரை மேல் கிடக்கும். குழாய் வாயைச் சிமெண்ட் பூசி அடைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஒரு கவுன்சிலர் குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தாலே தெரியும்.

தண்ணீரும் அப்படித்தான். ஒரே லைனில் கீழ்வளைவு வால்வை முழுதாகத் திறந்தால் மேட்டு வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். மேட்டுக்கு முதலில் விட்டு, பிறகு கீழே திறக்கும் நேர அட்டவணையைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர் வேண்டும். உதகைக்குத் தண்ணீர் தரும் பார்சன்ஸ்வேலி அணை நிரம்பியிருக்கிறது என்ற செய்தி மேட்டு வீட்டுக் குடத்தை நிரப்பாது.

2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை ஐந்தரை வருஷம் கவுன்சிலரே இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர் கையில் நகராட்சி இருந்தது. இப்போதைய மன்றத்தின் ஐந்து வருஷம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அதே கவுன்சிலர் மறுபடி ஓட்டுக் கேட்டு வந்தால், மன்றத்தில் அவர் வார்டுக்காக விவாதத்துக்கு வந்த பொருள்கள் என்னென்ன என்று கேளுங்கள். அவர் சொல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு நகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். "என்னென்ன வேலை நடந்தது" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகவே பதில் வரும். வார்டு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறித்து, தீர்மான நகல், பணி ஆணை நகல், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தின் பக்கம் என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்.