நீலம் பூசினால் மட்டும் போதுமா?

படிக்கும் அறைக்கு நீலம் பூசினால் பிள்ளைகளின் கவனம் கூடும் என்கிறது நிறங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை. என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. 2009இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த மேத்தா, சூ ஆகியோரின் ஆய்வில், நுணுக்கமாகக் கவனிக்கும் வேலைக்குச் சிவப்புத்தான் கைகொடுத்தது. நீலம் உதவியது புதிதாக யோசிக்கும் வேலைக்கு. அவர்கள் பெரும்பாலும் மாற்றிப் பார்த்ததும் கணினித் திரையின் பின்னணி நிறத்தையே, சுவரை அல்ல.

நாங்கள் கிளிநொச்சிப் பக்கம். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் என் மூத்த மகள் நீலத் தறப்பாளின் கீழ்தான் படித்தாள். கொப்பி, முகம், தட்டில் இருந்த சோறு எல்லாமே நீலமாகத் தெரியும். வெக்கையில் தலையிடிக்கிறது என்று அழுவாள். பிறகு கல்வீடு கட்டியபோது, "நீலம் மட்டும் வேண்டாம் அம்மா" என்றாள். ஒரு நிறம் மனதை என்ன செய்யும் என்பது அந்த நிறத்தோடு நாம் எப்படி வாழ்ந்தோம் என்பதையும் பொறுத்தது அல்லவா?

சின்னவனின் அறைக்குக் கடும் நீலம் பூசிப் பார்த்தோம். ஒரே ஒரு யன்னல். அடர்ந்த நிறம் வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும். பின்னேரம் நான்கு மணிக்கே மின்குமிழைப் போட வேண்டியிருந்தது. வெளிர் சந்தன நிறம் பூசிய பின்புதான் அவன் யன்னலோரம் இருந்து படிக்கிறான்.

தகரக் கூரையின் கீழ் படிக்கும் பிள்ளைகள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். கூரையின் மேற்புறத்தில் வெள்ளை பூசினால் உள்ளே சூடு குறையும். அடுத்த கட்டுரையில் தயவுசெய்து அதையும் எழுதுங்கள்.