உலக வைரஸும் நம்ம ஊர்க் கம்ப்யூட்டரும்

டிவியில் ஒரு புது வைரஸின் பெயர் அடிபட்டால் போதும், அன்று இரவே பல பேரிடமிருந்து எனக்கு வட்ஸ்அப்பில் ஒரே கேள்வி வந்துவிடும். "கம்ப்யூட்டர போடலாமா, இல்ல வயர கழட்டி வைக்கவா?" ஹட்டனில் இருப்பவர்கள் கேட்பார்கள், கொட்டகலையில் இருப்பவர்கள் கேட்பார்கள். மகளின் ஏ.எல். படிப்புக்காகப் பழைய லெப்டொப் ஒன்றை வாங்கி லயத்து வீட்டில் வைத்திருக்கும் மஸ்கெலியா அக்காவும் கேட்பார். கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. செய்தியை அப்படிச் சொன்னவர்கள் மேல்தான் கோபம். எத்தனை நாடு, எத்தனை லட்சம் கம்ப்யூட்டர், எவ்வளவு டொலர் என்றெல்லாம் சொல்கிறார்கள். அந்த அக்கா இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

2017 மே 12ஆம் திகதி பரவிய வன்னாக்ரை என்ற வைரஸை எடுத்துக்கொள்வோம். சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை அது பூட்டிப்போட்டது. பிரித்தானியாவில் ஆஸ்பத்திரிகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. பெரிய விபரீதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொஃப்ட் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதம் முன்னால். அதைப் போட்டிருந்த கம்ப்யூட்டருக்குள் அந்த ஓட்டை வழியாக வன்னாக்ரையால் வர முடியவில்லை. அந்த வாரம் முழுக்க, பூட்டிய கம்ப்யூட்டரில் வன்னாக்ரை காட்டிய சிவப்புத் திரையைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். "விண்டோஸ் அப்டேட் போடுங்கள்" என்ற ஒரு வரியை நான் பார்த்த செய்திகளில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

சரி, நம்ம ஆட்கள் ஏன் அப்டேட் போடுவதில்லை? சோம்பல் என்று தூரத்திலிருந்து சொல்வது சுலபம். இங்கே வந்து பாருங்கள். நான் பார்க்கிற வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை ஒருவர் பாவித்து முடித்தவை. கடையில் வாங்கும்போதே விண்டோஸும் ஒஃபிஸும் கிராக் பண்ணித்தான், அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்துத்தான் வருகின்றன. அப்டேட் வந்தால் கிராக் போய்விடும், வாடிக்கையாளர் திரும்ப வந்து சண்டை பிடிப்பார் என்று கடைக்காரரே அப்டேட்டை நிறுத்திக் கொடுத்துவிடுகிறார். அப்புறம் டேட்டா இருக்கிறது. டொங்கிளிலோ ஃபோன் ஹொட்ஸ்பொட்டிலோ ரீலோட் போட்டுச் சமாளிக்கிற வீட்டில் ஒரு பெரிய அப்டேட் ஜிபி கணக்கில் இழுத்துவிட்டால், மாதக் கடைசியில் பிள்ளையின் சூம் வகுப்புக்கு டேட்டா மிஞ்சாது. 2020, 2021இல் சிக்னலுக்காகப் பிள்ளைகள் மேட்டிலும் மரத்திலும் ஏறியதைப் பார்த்தவர்கள் நாம். அந்த வீட்டில் அம்மா அப்டேட்டை நிறுத்தி வைத்தால், கணக்குப் பார்த்துத்தான் வைக்கிறார். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாத எந்த எச்சரிக்கையும் அவரிடம் எடுபடாது.

அந்தக் கிராக்குக்குள்தான் நம்ம பக்கத்து உண்மையான ஆபத்து உட்கார்ந்திருக்கிறது. வன்னாக்ரை என்ற பெயர் பலருக்குத் தெரியும். டிஜேவியு என்ற பெயரைக் கேட்டவர்கள் குறைவு. அதுவும் ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் ரான்சம்வேர்தான். ஆனால் அது குறிவைப்பது பெரிய கம்பனிகளை இல்லை. கிராக், கீஜென் (திருட்டு லைசன்ஸ் நம்பர் உண்டாக்கும் புரோகிராம்) என்று தேடி டவுன்லோட் பண்ணுகிற வீட்டு ஆட்களைத்தான். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டால் எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் சம்பந்தமில்லாத நாலு எழுத்து ஒட்டியிருக்கும், ஒன்றும் திறக்காது. 980 டொலர் கேட்பார்கள், 72 மணி நேரத்துக்குள் தந்தால் பாதி, 490. டொலரை 300 ரூபா என்று வைத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம் ரூபா. 2024இல் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் நூறு நாளுக்கு மேல் கொழுந்து பறித்தால்தான் அந்தக் காசு வரும்.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால், தயவு செய்து காசு அனுப்பாதீர்கள். அவசரப்பட்டு ஃபோர்மட்டும் பண்ண வேண்டாம். பூட்டப்பட்ட ஃபைல்களையும், அவர்கள் விட்டுப்போன மிரட்டல் குறிப்பையும் வேறொரு டிஸ்கில் எடுத்து வையுங்கள். எம்சிசொஃப்ட் என்ற நிறுவனம் 2019 அக்டோபரில் இதற்கு இலவசமாக ஒரு மீட்புக் கருவி வெளியிட்டது. பழைய வகைகளில் நிறையவற்றுக்கு அது வேலை செய்யும். புதியவற்றில் பலதுக்கு வேலை செய்யாது, ஆனாலும் முயன்று பார்க்க வேண்டும்.

பென்ட்ரைவ் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கொமினிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்ததும் ஃபோல்டர் எல்லாம் ஷோர்ட்கட் ஆகியிருந்தால், பெரும்பாலும் ஃபைல் அழிந்திருக்காது, மறைந்துதான் இருக்கும். ஷோர்ட்கட்டை அமுக்காமல் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள்.

இந்தச் செய்திகளால் பயன் இல்லை என்பதோடு என் குறை முடியவில்லை. அவை கிளப்பிவிடுகிற பயத்தை வைத்துத்தான் ஏமாற்றுக்காரர்கள் பிழைக்கிறார்கள். திரை முழுக்கச் சிவப்பாக, சைரன் சத்தத்தோடு "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்கு எடுங்கள்" என்று வருகிறதே, அது வெறும் ஒரு இணையப் பக்கம். பிரவுசரை மூடினால் போய்விடும். ஆனால் முதல்நாள் செய்தியில் அதே மாதிரிச் சிவப்புத் திரையைப் பார்த்துக் கலங்கிப்போயிருப்பவர் நம்பரைத்தான் முதலில் அமுக்குவார். ஃபோனிலும் இதே கதைதான். "வங்கியிலிருந்து பேசுறோம், உங்க எக்கவுண்ட ஹேக் பண்ணிட்டாங்க, இப்ப வர்ற ஆறு நம்பரச் சொல்லுங்க." இதில் வைரஸ் எங்கே இருக்கிறது? மகன் வெள்ளவத்தைக் கடையில் நின்று உழைத்து அனுப்பிய காசு, மகள் குவைத்திலிருந்து அனுப்பிய காசு, அந்த ஆறு நம்பரில், ஒரு ஓடிபியில் போய்விடுகிறது. தபால் திணைக்களத்தின் பெயரில் பார்சல் வந்திருக்கிறது என்று லிங்க் அனுப்புவதும், தெரிந்தவர் நம்பரிலிருந்தே "அக்கா, தவறுதலா ஒரு கோட் உங்களுக்கு வந்திருக்கு" என்று கேட்பதும் இந்த வகைதான். அந்தக் கோட் நம்பரைக் கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும். வட்ஸ்அப் செட்டிங்ஸில் இரண்டு படிச் சரிபார்ப்பு என்று இருக்கிறது, ஆறு இலக்கப் பின் நம்பர் ஒன்றைப் போடச் சொல்லும். இன்றைக்கே போடுங்கள், வீட்டுப் பெரியவர்களின் ஃபோனிலும் போட்டுக் கொடுங்கள்.

இன்னொரு நஷ்டம் எந்தச் செய்தியிலும் வராது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரமானால் நம்ம மலையில் இடி எப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். ரவுட்டர் போகும், பவர் சப்ளை போகும், சில வீடுகளில் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே போகும். கல்யாண வீடியோ, இறந்துபோன பாட்டியின் ஒரே படம், இரண்டு வருட ஏ.எல். நோட்ஸ் எல்லாம் அந்த ஒரே டிஸ்கில். ஹேக்கரால் படங்களை இழந்தவர்களைவிட, டிஸ்க் பழுதாகி இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு என்ன ஆறுதல் சொல்வது? இன்னொரு பிரதி இல்லாததன் விலையை அரசாங்கமே கொடுத்திருக்கிறது. 2023இல் அரச அலுவலகங்களின் மின்னஞ்சல்கள் இருந்த லங்கா அரசாங்க கிளவுட்டை ரான்சம்வேர் தாக்கியபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமல் போயின. அந்தக் காலத்துக்குப் பேக்கப் இல்லை. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன.

அதனால்தான், செய்தி பார்த்துப் பயந்து ஆன்டிவைரஸ் வாங்க ஓடுகிறவர்களை நான் தடுக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் உள்ளேயே இருக்கிறது. அதை நிறுத்தாமல் விட்டாலே வீட்டுப் பாவனைக்குப் போதும். கிராக் போடச் சொல்கிற இடமெல்லாம் முதலில் அதைத்தான் நிறுத்தச் சொல்லும், கவனித்துப் பாருங்கள். ஆன்டிவைரஸுக்குக் கொடுக்க இருந்த காசில் ஒரு எக்ஸ்டேர்னல் டிஸ்க் வாங்குங்கள். மாதம் ஒரு தடவை கொப்பி பண்ணிவிட்டுக் கழற்றி வையுங்கள். கழற்றாமல் விட்டால் ரான்சம்வேர் அதையும் பூட்டிவிடும், இடியும் அதை விடாது.

"பயம் காட்டினாலாவது கொஞ்சப் பேர் கவனமாக இருப்பார்கள்" என்று ஒரு நண்பர் என்னோடு வாதாடினார். 1992 மார்ச் 6ஆம் திகதி மைக்கலாஞ்சலோ என்ற வைரஸ் 50 லட்சம் கம்ப்யூட்டர்கள் வரை அழிக்கலாம் என்று பத்திரிகைகள் எழுதின. பாதிக்கப்பட்டதாகத் தெரியவந்தவை 10,000 முதல் 20,000 வரைதான். அப்படி ஒரு தடவை ஏமாந்தவர்களிடம் அடுத்த தடவை உண்மையைச் சொன்னாலும் யார் கேட்பார்கள்? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தபோதும் "கம்ப்யூட்டர் இனி வேலை செய்யாதாமே" என்றுதான் என்னிடம் கேட்டார்கள். வேலை செய்யும். ஓட்டை அடைக்கும் அப்டேட் வழக்கம்போல் வருவதுதான் நின்றது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடலாம். அது இலவசம், கிராக்கே வேண்டாம். மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸுக்குப் பதிலான லிப்ரே ஒஃபிஸில் பிள்ளைகளின் அசைன்மென்ட் தாராளமாகச் செய்யலாம்.

தமிழில் செய்திப் பக்கம் நடத்துகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த வைரஸ் செய்தியில், அது எந்த வழியாக வருகிறது, எந்த அப்டேட் அதைத் தடுக்கும் என்று கடைசியில் இரண்டு வரி சேருங்கள். கடை வைத்திருக்கும் தம்பிமாரே, அப்டேட்டை நிறுத்திக் கொடுக்காதீர்கள். ஹட்டன், கொட்டகலை பக்கம் டேட்டா இல்லாமல் அப்டேட் போட முடியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். என் இணைப்பில் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம். வருவதற்கு முன் இன்பொக்ஸில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.