குளோரின் மாத்திரை இருந்தாலும் தண்ணீர் வேண்டும்

"அவசரப் பையில் தண்ணீர் சுமக்க வேண்டாம், ஓர் அட்டை குளோரின் மாத்திரை இருந்தால் எந்தத் தண்ணீரையும் குடிக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பி யாரும் பை கட்டிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன். மாத்திரை கொல்வது பாக்டீரியாவையும் பெரும்பாலான வைரஸ்களையும்தான். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கெல்லாம் சாகாது. தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும். டீசலோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் மாத்திரை போட்டாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. வெள்ளத்தில் வீட்டைவிட்டு ஓடுகிறவருக்குக் கண்ணெதிரே கிடைப்பது பெரும்பாலும் அந்த மாதிரித் தண்ணீர்தான்.

எடை பற்றிய உங்கள் கவலை நியாயமானது. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 லிட்டர் என்பது பொதுவான பரிந்துரை. 3 நாளுக்கு 12 கிலோ, தூக்கிக்கொண்டு நடப்பது கஷ்டம். சரி, ஆளுக்கு 2 லிட்டராவது சீல் உடைக்காத பாட்டிலில் வையுங்கள். மாத்திரையும் இருக்கட்டும், பாட்டில் தண்ணீர் தீர்ந்த பிறகு கைகொடுக்கும். கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்டுங்கள், அப்புறம் மாத்திரை போட்டு, அட்டையில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருங்கள்.